எக்ஸாம்ப்பிலிருந்து டெபியன் செர்வருக்கு வேர்டுபிரஸ்: தமிழ் உடைகிறது, உள்பக்கங்கள் 404, செர்ட்பாட் தோல்வி

தாழ்வாரம் (கேள்வி)

வணக்கம். ஒரு சிற்றிதழின் பழைய இதழ்களைத் தொகுத்த வேர்டுபிரஸ் தளம், அலுவலக விண்டோஸ் 10 கணினியில் எக்ஸாம்ப் 8.2.12-இல் (அப்பாச்சி, மரியாடிபி, பிஎச்பி எல்லாம் சேர்ந்த தொகுப்பு) ஓடுகிறது. 1,400 பதிவுகள், படம் பிடிஎஃப் எல்லாம் சேர்த்து 6 ஜிபி, டேட்டாபேஸ் 180 எம்பி. இதுவரை அலுவலகத்துக்குள் மட்டும் பார்த்தோம், இனி வெளியே திறக்க வேண்டும். ரூட்டரில் 80, 443 இரண்டையும் ஃபார்வர்டு செய்தும் வெளியிலிருந்து எதுவும் உள்ளே வரவில்லை. எனவே 1 ஜிபி ராம், 25 ஜிபி டிஸ்க் உள்ள விபிஎஸ் (வாடகை செர்வர்) ஒன்றில் டெபியன் 12 லினக்ஸ் போட்டு, அப்பாச்சி (வெப் செர்வர்), மரியாடிபி (டேட்டாபேஸ்), பிஎச்பி மூன்றையும் டெபியனின் ஆப்ட் நிறுவி வழியே நிறுவியாயிற்று. நிற்கும் இடங்கள்:

1. பவர்ஷெல்லில் மைஎஸ்கியூஎல்டம்ப் கட்டளைக்குப் பின்னால் > குறி போட்டு டம்ப் (டேட்டாபேஸின் முழு நகல் ஃபைல்) எடுத்தேன். இறக்கும்போது பூஜ்ய எழுத்து இருக்கிறது, பைனரி மோட் போடு என்று எரர். நோட்பேடில் திறந்து யூடிஎஃப்-8 ஆகச் சேமித்ததும் எரர் போய்விட்டது. ஆனால் தமிழ் இருக்க வேண்டிய இடமெல்லாம் கிரேக்க ஆல்ஃபாவும் « » குறிகளுமாக இருக்கிறது.

2. முகப்பு திறக்கிறது. எந்தப் பதிவைச் சொடுக்கினாலும் 404.

3. பிஎச்பிமைஅட்மினில் (டேட்டாபேஸை பிரவுசரில் கையாளும் கருவி) ரூட் யூசர், சரியான பாஸ்வேர்டு கொடுத்தும் அனுமதி இல்லை என்கிறது.

4. எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கும் செர்ட்பாட் நான்கு முறை தோற்றது. நம் செர்வர் லாகில் அந்தக் கோரிக்கை வந்ததற்கான தடமே இல்லை.

5. சில படங்கள் மட்டும் வரவில்லை. ஃபைல் செர்வரில் இருக்கிறது.

இதற்குப் பேசாமல் லினக்ஸுக்கான எக்ஸாம்ப்பையே விபிஎஸ்ஸில் போட்டுவிடலாமா?

---

ரூட்டாண்டி

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: போடாதீர்கள். எக்ஸாம்ப்பைச் செய்தவர்களே அது மேசைக் கணினியில் சோதித்துப் பார்க்கத்தான், பொதுச் செர்வருக்கு அல்ல என்கிறார்கள். டேட்டாபேஸ் ரூட்டுக்குப் பாஸ்வேர்டு கிடையாது. ஒரு பாதுகாப்பு ஓட்டையை அடைக்க வேண்டுமென்றால் முழுத் தொகுப்பையும் புதிதாக இறக்கி மாற்ற வேண்டும். டெபியன் பேக்கேஜ் என்றால் அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் அன்றாடம் அடைத்துக்கொண்டே போகும். உங்கள் தேர்வு சரி. 12-இல் பிஎச்பி 8.2 என்பதால் எக்ஸாம்ப்பில் ஓடிய பிளகின்கள் அப்படியே ஓடும். 13-க்குப் போனால் 8.4, பழைய தீம் முரண்டு பிடிக்கலாம்.

ரூட்டர் விஷயம்: அதன் வான் பக்க (வெளி இணையப் பக்க) ஐபி 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால், உங்கள் இணைப்பு சேவை நிறுவனத்தின் பொது நேட்டுக்கு (பல வாடிக்கையாளர்கள் ஒரே ஐபியைப் பகிரும் ஏற்பாடு) பின்னால் இருக்கிறது. நீங்கள் ரூட்டரில் என்ன திறந்தாலும் மேலே ஒரு கதவு பூட்டியிருக்கும். விபிஎஸ் எடுத்ததுதான் வழி.

இரண்டாவது சிக்கல். எக்ஸாம்ப்பில் எச்டிடாக்ஸ் ஃபோல்டருக்கு அலவ்ஓவர்ரைடு ஆல் என்றிருக்கும். டெபியனின் அப்பாச்சி2.கான்ஃபில் /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ/ ஃபோல்டருக்கு அதே வரி நன் என்று இருக்கும். அதாவது ஃபோல்டருக்கான விதிகள் எழுதிய .எச்டிஆக்சஸ் ஃபைலை அப்பாச்சி திறந்துகூடப் பார்க்காது. வேர்டுபிரஸின் அழகான முகவரிகள் எல்லாம் அந்த ஃபைலை நம்பித்தான் இருக்கின்றன. முகப்பு மட்டும் நிஜமான இண்டெக்ஸ்.பிஎச்பி என்பதால் வந்துவிடுகிறது. செய்ய வேண்டியது:

ஏ2என்மாட் ரீரைட் கொடுங்கள். சைட்ஸ்-அவைலபிள் ஃபோல்டரில் உங்கள் டொமைனுக்கென்று தனி ஃபைல் போட்டு, அதில் டாக்குமெண்ட்ரூட் வரிக்குக் கீழே அந்த ஃபோல்டருக்கு மட்டும் அலவ்ஓவர்ரைடு ஆல் வையுங்கள். பொது அப்பாச்சி2.கான்ஃபைத் தொட வேண்டாம். ஏ2என்சைட் கொடுத்து, 000-டிஃபால்ட்டை ஏ2டிஸ்சைட்டால் அணையுங்கள். ரீலோடுக்கு முன் அப்பாச்சி2சிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட் ஓட்டி சின்டாக்ஸ் ஓகே வருகிறதா பாருங்கள்.

இன்னொன்று, எக்ஸாம்ப்பில் தளம் துணை ஃபோல்டரில் இருந்திருந்தால் .எச்டிஆக்சஸ்ஸில் ரீரைட்பேஸ் வரியில் அந்த ஃபோல்டர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். முகவரியைப் புதிய டொமைனுக்கு மாற்றிய பிறகு, நிர்வாகப் பக்கத்தில் பெர்மாலிங்க்ஸ் போய் எதையும் மாற்றாமல் சேவ் அழுத்தினாலே அது ஒற்றைச் சாய்கோடாக மாறிவிடும்.

பிஎச்பி எப்படிப் போட்டீர்கள் என்று சொல்லவில்லை. ஆப்ட்டில் வெறும் பிஎச்பி என்று கேட்டால் அப்பாச்சிக்குள் உட்காரும் மாட்யூல் வரும். அதற்கு ப்ரீஃபோர்க் முறை கட்டாயம், ஒரு படம் அனுப்புகிற வேலைக்குக்கூட பிஎச்பியைச் சுமந்த முழு பிராசஸ் நிற்கும். 1 ஜிபியில் அது கட்டுப்படியாகாது. பிஎச்பியை அப்பாச்சிக்கு வெளியே தனியாக ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் போடுங்கள், கூடவே பிஎச்பி-சிஎல்ஐ, மைஎஸ்கியூஎல், எக்ஸ்எம்எல், எம்பிஸ்டிரிங், கர்ல், ஜிடி, ஜிப், இன்டல். பிறகு ஏ2என்மாட்டில் புராக்ஸி_எஃப்சிஜிஐ, செட்என்விஃப். ஏ2என்கான்ஃபில் பிஎச்பி8.2-எஃப்பிஎம். பழைய மாட்யூலை ஏ2டிஸ்மாட்டால் எடுத்து, எம்பிஎம்_ப்ரீஃபோர்க்கை அணைத்து எம்பிஎம்_ஈவண்ட்டை ஏற்றுங்கள்.

இந்த இணைப்பு அமைப்பு ஏறாமல் விட்டுப்போனால் அப்பாச்சி பிஎச்பி ஃபைலை ஓட்டாமல் அப்படியே எழுத்தாகக் கொட்டிவிடும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள டபிள்யூபி-கான்ஃபிக்கை ஏற்றும் முன், ஒரு வரி பிஎச்பி ஃபைல் போட்டு ஓடுகிறதா பார்த்துவிட்டு அதை அழித்துவிடுங்கள்.

மூன்றாவது சிக்கல், சிக்கலே இல்லை. டெபியன் மரியாடிபியில் ரூட் யூசர் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகத்தான் நுழைய முடியும். லினக்ஸில் ரூட்டாக இருந்தால் பாஸ்வேர்டே கேட்காது, இல்லாவிட்டால் எந்தப் பாஸ்வேர்டும் செல்லாது. அதை மாற்றப் போகாதீர்கள். சூடோ மரியாடிபி என்று உள்ளே போய், தளத்துக்கென்று ஒரு யூசரை லோக்கல்ஹோஸ்ட்டுக்கு மட்டும் உருவாக்கி, அந்த ஒரு டேட்டாபேஸுக்கு உரிமை கொடுங்கள். பிஎச்பிமைஅட்மினையே எடுத்துவிடலாம் என்பேன். செர்வர் வெளியே தெரிந்த கொஞ்ச நேரத்திலேயே அந்தப் பெயருள்ள ஃபோல்டரைத் தட்டிப் பார்க்கும் பாட்கள் உங்கள் லாகில் வரிசையாக நிற்கும். டேபிளைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டுமென்றால், உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் டனல் போட்டு 3307-ஐ செர்வரின் 3306-ஓடு கோத்து, அங்கிருந்தே ஏதாவது ஒரு டேட்டாபேஸ் மென்பொருளில் திறங்கள். அப்போது சாக்கெட் ரூட் வேலைக்காகாது, நீங்கள் உருவாக்கிய யூசர்தான்.

---

போர்ட்80

நாலாவதுக்கு மட்டும். டிஎன்எஸ்ல ஏ ரெக்கார்டு மாத்திருப்பீங்க. நாலு ஏ உள்ள ரெக்கார்டு, அதான் ஐபிவி6 முகவரி, பழசு அப்படியே நிக்குதான்னு பாருங்க. டொமைன் வாங்கினப்ப வித்தவங்களோட பார்க்கிங் பக்கத்துக்கு ஒண்ணு போட்டு வச்சிருப்பாங்க. செர்ட்பாட்டுக்கு சான்றிதழ் தர்ற லெட்ஸ் என்கிரிப்ட், ரெண்டும் இருந்தா ஐபிவி6-க்குத்தான் முதல்ல போகும். அங்க யாருமே பதில் சொல்லாம டைம்-அவுட் ஆனாதான் ஐபிவி4-க்குத் திரும்பும். பார்க்கிங் செர்வர் ஒழுங்கா "404"ன்னு பதில் சொல்லிடுது, அதனால அங்கயே தோத்துடுது. உங்க லாக்ல தடம் இல்லாததுக்கு அதான் காரணமா இருக்கும். உங்க மொபைல் ஐபிவி4-ல போய் தளத்தைக் காட்டும், அதனால எல்லாம் சரியா இருக்கிற மாதிரியே தெரியும்.

அந்த ரெக்கார்டை எடுங்க, இல்லன்னா விபிஎஸ்ஸோட ஐபிவி6-ஐப் போடுங்க. திரும்பத் திரும்ப அடிக்காதீங்க: ஒரு பேருக்கு ஒரு மணி நேரத்துல 5 தடவை தோத்தா கதவைச் சாத்திடுவாங்க. செர்ட்ஒன்லியோட டிரை-ரன் (வெறும் ஒத்திகை) போட்டு ஜெயிச்ச பிறகு நிஜமா ஓட்டுங்க. டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள பேரையும் இல்லாத பேரையும் ஒரே சான்றிதழ்ல சேத்துடுங்க.

80-ஐ அப்புறமா மூடிடாதீங்க. எல்லாம் எச்டிடிபிஎஸ் ஆயிடுச்சேன்னு யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால்ல 80-ஐ அடைச்சா புதுப்பிக்கிறப்ப நிக்கும். சான்றிதழ் 90 நாள், 30 நாள் மிச்சம் இருக்கிறப்ப டைமர் தானா புதுப்பிக்கும். காலாவதி ஆகப்போகுதுன்னு அவங்க அனுப்பிட்டிருந்த மெயிலையும் 2025 ஜூன்ல நிறுத்திட்டாங்க.

யூஎஃப்டபிள்யூ இன்னும் போடலைன்னா, எனேபிள் பண்றதுக்கு முன்னாடி எஸ்எஸ்எச்சுக்கான 22-ஐத் திறங்க. வரிசை மாறினா வெளிய நின்னு கதவைத் தட்டணும்.

---

எழுத்தெண்ணி

தமிழ் உடைந்த விதத்தைப் பார்த்தாலே எங்கே உடைந்தது என்று சொல்லிவிடலாம்.

யூடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் பதினாறடிமானத்தில் ஈ0, இரண்டாவது ஏஈ அல்லது ஏஎஃப், மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். இந்தப் பைட்களை யாராவது பழைய டாஸ் காலத்து 437 எழுத்துப் பட்டியலை வைத்துப் படித்தால் ஈ0 ஆல்ஃபாவாகும், ஏஈ « ஆகும், ஏஎஃப் » ஆகும். உங்களுக்கு வந்தது அதுதான். இதுவே விண்டோஸ் 1252 பட்டியலில் படித்திருந்தால் ஆல்ஃபாவுக்குப் பதில் தலையில் கோடு போட்ட ஐரோப்பிய எழுத்தும், அதையடுத்து ® குறியும் வந்திருக்கும். அது வேறு நோய்.

437-இல் படித்தது பவர்ஷெல். விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1, > குறியைப் பார்த்ததும் வெளியே வருவதைப் பைட்டாக விடாது. கன்சோலின் பட்டியலை வைத்து எழுத்தாகப் படித்து, யூடிஎஃப்-16 ஆகத் திரும்ப எழுதும். யூடிஎஃப்-16-இல் சாதாரண எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பூஜ்ய பைட் நிற்கும், மரியாடிபி குறைசொன்னது அதைத்தான். நோட்பேடில் யூடிஎஃப்-8 ஆக்கியபோது பூஜ்யம் போனது. ஆனால் ஆல்ஃபா அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டதால், நோட்பேட் அதையும் பத்திரமாக யூடிஎஃப்-8 ஆல்ஃபாவாகவே சேமித்தது. பவர்ஷெல் 7.4-லிருந்து இந்த வழக்கம் மாறிவிட்டது, ஆனால் விண்டோஸோடு வருவது இன்னும் 5.1.

அந்த ஃபைலைச் சரிசெய்ய உட்காராதீர்கள். மூலம் எக்ஸாம்ப்பில் பத்திரமாக இருக்கிறது. புதிதாக எடுங்கள்: சி டிரைவில் எக்ஸாம்ப், மைஎஸ்கியூஎல், பின் ஃபோல்டருக்குள் போய், மைஎஸ்கியூஎல்டம்ப்புக்கு --சிங்கிள்-டிரான்ஸாக்‌ஷன், --டிஃபால்ட்-கேரக்டர்-செட்=யூடிஎஃப்8எம்பி4, --ரிசல்ட்-ஃபைல்=தளம்.எஸ்கியூஎல் என்று கொடுங்கள். ரிசல்ட்-ஃபைல் என்றால் டம்ப் நிரலே ஃபைலை எழுதும், பவர்ஷெல் நடுவில் கை வைக்காது. டெபியனில் டேட்டாபேஸை யூடிஎஃப்8எம்பி4, யூனிகோட்_520_சிஐ வரிசைமுறையோடு உருவாக்கி, இறக்கும்போதும் அதே கேரக்டர்-செட்டைச் சொல்லுங்கள். தமிழுக்கு மட்டும் என்றால் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8-உம் போதும். ஆனால் ஒரு பதிவில் ஒரு ஈமோஜி இருந்தால் அதற்கு நாலு பைட் வேண்டும், இறக்குவது அங்கே நின்றுவிடும்.

சரியாக வந்ததா என்று பிரவுசரில் பார்க்காதீர்கள். பதிவு டேபிளிலிருந்து ஒரு தலைப்பின் முதல் எழுத்தை ஹெக்ஸ் செயற்கூறால் எடுங்கள். தமிழ் எழுத்து என்றால் ஈ0-வில் தொடங்கும் ஆறு இலக்கம் வரும். சிஈபி1, சி3ஏ0 போல நாலு இலக்கம் மட்டும் வந்தால் இருமுறை குறியாக்கம் ஆகியிருக்கிறது, மீட்கலாம். 3எஃப் என்று வந்தால் அது நிஜமான கேள்விக்குறி, அந்த எழுத்து போயே போய்விட்டது. ஹெக்ஸ் சரியாக இருந்தும் பக்கத்தில் கேள்விக்குறி வந்தால், டபிள்யூபி-கான்ஃபிக்கில் டிபி_சார்செட் வரி தவறு. தரவில் பழுதில்லை.

அடுத்து, லோக்கல்ஹோஸ்ட் முகவரியைப் புது டொமைனாக மாற்ற டம்ப் ஃபைலில் ஃபைண்ட்-ரீப்ளேஸ் செய்துவிடாதீர்கள். விட்ஜெட், தீம் அமைப்புகளை வேர்டுபிரஸ் நீளத்தோடு சேர்த்துத்தான் சேமிக்கும். "தமிழ்" என்ற சொல் உள்ளே எஸ்:15:"தமிழ்" என்று இருக்கும். த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஆளுக்கு மூன்று பைட். முகவரியை மாற்றி நீளத்தை மாற்றாவிட்டால் பிஎச்பி அந்த வரிசையையே நிராகரிக்கும், பக்கப்பட்டியெல்லாம் காலியாகக் கிடக்கும். வேர்டுபிரஸுக்கான கட்டளைக் கருவி டபிள்யூபி-சிஎல்ஐயின் சர்ச்-ரீப்ளேஸ் நீளத்தையும் திருத்தும். --ஸ்கிப்-காலம்ஸ்=ஜியூஐடி சேர்த்து, முதலில் டிரை-ரன். ரூட்டாக ஓட்டாமல், வெப் செர்வர் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா யூசராக ஓட்டுங்கள்.

ஐந்தாவது சிக்கல், படங்கள். விண்டோஸுக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்று, லினக்ஸுக்கு வேறு வேறு. .ஜேபிஜி பெரிய எழுத்தில் இருக்கும் ஃபைலைப் பதிவில் சிறிய எழுத்தில் குறிப்பிட்டிருந்தால் அங்கே ஓடும், இங்கே 404. அப்பாச்சியின் ஆக்சஸ் லாகில் அப்லோட்ஸ் ஃபோல்டருக்கு 404 ஆனவற்றை வடிகட்டினால் பட்டியல் கிடைத்துவிடும்.

ஃபைல் பெயரே தமிழில் இருந்தால் இன்னொரு வலை இருக்கிறது. "கோவில்" என்பதில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது, லினக்ஸுக்கோ இரண்டும் வெவ்வேறு ஃபைல். டிஸ்க்கில் பிரிந்து கிடப்பவற்றை கான்வ்எம்வி என்ற டெபியன் பேக்கேஜில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) தேர்வு கொடுத்து ஒரே வீச்சில் சேர்த்துவிடலாம். --நோடெஸ்ட் கொடுக்காவிட்டால் என்ன செய்யப்போகிறது என்று காட்டுவதோடு நின்றுவிடும், முதலில் அப்படியே ஓட்டுங்கள். ஆனால் "கௌரவம்" என்பதை ஒற்றைக்கொம்புக்குப் பின் ளகரம் தட்டி "கெளரவம்" என்று பெயரிட்டிருந்தால் என்எஃப்சி தொடாது. அது எழுத்துப்பிழை, கையால்தான் மாற்ற வேண்டும்.

---

தாழ்வாரம்

நன்றி தோழர்களே. பழைய ஐபிவி6 ரெக்கார்டு இருந்தது, எடுத்தேன், டிரை-ரன் முதல் அடியிலேயே போனது. ரிசல்ட்-ஃபைலில் எடுத்த டம்ப் சுத்தம், ஹெக்ஸில் ஈ0ஏஈ வருகிறது. 404-உம் தீர்ந்தது. படங்களில் 31 பெரிய எழுத்துச் சிக்கல், 4 ஓகாரச் சிக்கல்.

இரண்டு கேள்வி மிச்சம். 30 எம்பி பிடிஎஃப் ஏற்றினால் 2 எம்பி வரம்பு என்கிறது. பிஎச்பி.ஐஎன்ஐயில் மாற்றினேன், டெர்மினலில் கேட்டால் புது அளவைச் சொல்கிறது, தளம் மட்டும் கேட்கவில்லை. இன்னொன்று, இரண்டு முறை தளம் முழுக்க டேட்டாபேஸ் இணைப்பு எரர் வந்து நின்றது. மரியாடிபியை ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிறது.

பி.கு. "புதுக்கோட்டை மாவட்டக் கல்வெட்டுகள்" தொடரில் முகவரி "கல" என்று பாதியில் வெட்டுப்பட்டு, அடுத்தடுத்த பகுதிகளுக்கு 2, 3 என்று ஒட்டிக்கொள்கிறது. மாற்றும்போது உடைந்ததா?

---

எழுத்தெண்ணி

உடையவில்லை, எக்ஸாம்ப்பிலும் அப்படித்தான் இருந்திருக்கும். பதிவின் முகவரிப் பெயருக்கு வேர்டுபிரஸ் டேபிளில் 200 இடம். தமிழ் அதில் சதவீதக் குறியோடு சேமிக்கப்படுகிறது: ஒரு பைட்டுக்கு மூன்று இடம், ஒரு குறியீட்டுக்கு ஒன்பது. உங்கள் தலைப்பை எண்ணிப் பாருங்கள். புதுக்கோட்டை 12 குறியீடு, 108. இடைவெளி 1. மாவட்டக் 8 குறியீடு, 72. மறுபடி இடைவெளி 1. ஆக 182. மிச்சம் 18-இல் க, ல இரண்டும் உட்கார்ந்ததும் சரியாக 200 நிரம்பிவிட்டது. "கல்" என்று புள்ளி வைக்கக்கூட இடமில்லை. நீளத் தொடர்களுக்கு முகவரிப் பெயரைக் கையால் சுருக்கிக் கொடுப்பதே வழி: "புதுகை-கல்வெட்டு-3" போல.

---

கேடிபக்தன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கேடி என்றொரு செர்வர் இருக்கிறது (பெயர் அப்படி, ஆள் நல்லவர்). டெபியன் 12 ஆப்ட்டிலேயே கிடைக்கும். கேடிஃபைலில் டொமைன் பெயர், ரூட் ஃபோல்டர், பிஎச்பி_ஃபாஸ்ட்சிஜிஐ என்று எஃப்பிஎம் சாக்கெட், ஃபைல்_செர்வர். மொத்தமே நாலு வரி. சான்றிதழைத் தானே வாங்கும், தானே புதுப்பிக்கும், 80-ஐ 443-க்குத் தானே திருப்பும். செர்ட்பாட்டே வேண்டாம். வேர்டுபிரஸ் முகவரிகளுக்கு ரீரைட் விதியும் எழுத வேண்டியதில்லை, பிஎச்பி_ஃபாஸ்ட்சிஜிஐ வரியே அதைப் பார்த்துக்கொள்ளும்.

முதல் முறை போடுகிறவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று: 502 வரும். எஃப்பிஎம் சாக்கெட் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்குச் சொந்தம், அனுமதி 660. கேடி தன் பெயரிலேயே தனி யூசராக ஓடும், அதனால் சாக்கெட்டைத் தொட முடியாது. கேடி யூசரை டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா குழுவில் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. அப்பாச்சியை ஸ்டாப் மட்டுமல்ல, டிஸேபிளும் செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த ரீபூட்டில் இருவரும் 80-க்கு அடித்துக்கொள்வார்கள்.

---

ரூட்டாண்டி

கேடி நல்லதுதான், புதிதாகத் தொடங்குகிறவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் இவர் எக்ஸாம்ப்பிலிருந்து வருகிறார். கேடி .எச்டிஆக்சஸ்ஸைப் படிக்காது. பாதுகாப்பு பிளகின்கள் சில, அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி ஓடாமல் தடுப்பதையும் டவுன்லோடு ஃபோல்டரைப் பூட்டுவதையும் அந்த ஃபைலில்தான் எழுதி வைக்கின்றன. கேடிக்கு மாறினால் பிளகின் பச்சை விளக்கு காட்டிக்கொண்டே இருக்கும், பூட்டு மட்டும் இருக்காது. அந்த விதிகளை ஒவ்வொன்றாகக் கேடிஃபைலில் திரும்ப எழுதத் தயார் என்றால் போகலாம்.

பிடிஎஃப் விஷயம்: டெபியனில் பிஎச்பி.ஐஎன்ஐ ஒன்றல்ல. /எட்சி/பிஎச்பி/8.2/ ஃபோல்டருக்குள் சிஎல்ஐக்கு ஒன்று, எஃப்பிஎம்முக்கு ஒன்று. நீங்கள் திருத்தியது சிஎல்ஐயின் ஃபைல், அதனால் டெர்மினல் மட்டும் ஒப்புக்கொள்கிறது. எஃப்பிஎம் ஃபோல்டரில் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் 64எம், போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 72எம் வையுங்கள். இரண்டாவது பெரிதாக இருக்க வேண்டும், அதன் இயல்பு அளவு 8எம்தான். பிறகு பிஎச்பி8.2-எஃப்பிஎம்மை ரீலோடு செய்யுங்கள். அப்பாச்சியை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் இது மாறாது.

---

போர்ட்80

மரியாடிபி சாகுறதுக்கு அதைக் குத்தம் சொல்லாதீங்க. ஜர்னல்சிடிஎல்-ல கெர்னல் லாகை மட்டும் எடுத்து ஓஓஎம்-னு (அவுட் ஆஃப் மெமரி) தேடுங்க. ராம் தீந்து போய் கெர்னல் இருக்கிறதிலேயே பெரிய ஆளாப் பாத்துக் கொன்னிருக்கும், அது பெரும்பாலும் மரியாடிபிதான். உண்மையில தின்னது பிஎச்பி.

எஃப்பிஎம்மோட டபிள்யூடபிள்யூடபிள்யூ.கான்ஃப்ல பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் எவ்வளவு வச்சிருக்கீங்க? டெபியன்ல வர்றது 5. எங்கயோ படிச்சுட்டு 50-ன்னு மாத்தியிருந்தா அதான் வினை. கணக்கு இப்படிப் போடுங்க: பிஎஸ் கட்டளையில ஒரு பிஎச்பி-எஃப்பிஎம் பிராசஸ் எவ்வளவு ராம் பிடிக்குதுன்னு பாருங்க, 80 எம்பின்னு வைங்க. 1 ஜிபில சிஸ்டத்துக்கும் அப்பாச்சிக்கும் 250, மரியாடிபிக்கு 250 ஒதுக்கினா மிச்சம் 500 சொச்சம். ஆறு பிராசஸ், அவ்வளவுதான். எஃப்பிஎம் லாக்ல மேக்ஸ்_சில்ட்ரன் எட்டிடுச்சு, கூட்டுன்னு எச்சரிக்கை வரும். ராம் இல்லாம கூட்டாதீங்க. வரிசைல நிக்கிறவன் ரெண்டு செகண்ட் காத்திருப்பான், கூட்டினா எல்லாருக்கும் சேத்து செர்வர் படுத்துடும்.

நிறைய விபிஎஸ்ல ஸ்வாப் (ராம் தீந்தா டிஸ்க்ல ஒதுக்கற இடம்) இருக்காது, ஃப்ரீ கட்டளைல பாருங்க. இல்லன்னா 2 ஜிபிக்கு ஒரு ஃபைலை ஃபாலோகேட்ல உருவாக்கி, அனுமதி 600, எம்கேஸ்வாப், ஸ்வாப்ஆன். எஃப்எஸ்டாப்ல ஒரு வரி சேக்க மறந்தா ரீபூட்டுக்கு அப்புறம் பழையபடிதான்.

அப்புறம் ஆக்சஸ் லாக்ல எக்ஸ்எம்எல்ஆர்பிசி.பிஎச்பி-ன்னு தேடி எண்ணிப் பாருங்க. மொபைல் ஆப்ல எழுதறவங்க யாரும் இல்லன்னா அந்த ஃபைலுக்கு வர்ற கோரிக்கையை அப்பாச்சி கான்ஃபிக்லயே மறுத்துடுங்க. பாட் ஒவ்வொண்ணும் தட்டும்போது ஒரு பிஎச்பி பிராசஸ் மாட்டிக்குது.

---

ரூட்டாண்டி

ஒன்று விட்டுப்போனது. 777 கொடுத்து வைத்திருந்தால் இப்போதே எடுங்கள்: ஃபோல்டர் 755, ஃபைல் 644, டபிள்யூபி-கான்ஃபிக் 640, உரிமையாளர் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா. படம் ஏற்ற முடியவில்லை என்று வருகிற எரருக்கு மருந்து உரிமையாளரை மாற்றுவது, 777 அல்ல.

பேக்கப்பைக் கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓடும் வேலைப்பட்டியல்) போடும்போது டம்ப்பை ஜிஜிப் செய்து செர்வருக்கு வெளியே அனுப்புங்கள். உங்கள் அலுவலகக் கணினியே போதும், அங்கிருந்து எஸ்எஃப்டிபியில் இழுத்துக்கொள்ளுங்கள். வெப் ஃபோல்டருக்குள் .எஸ்கியூஎல் ஃபைலை விட்டுவைக்காதீர்கள். இடம்பெயர்க்கும்போது ஏற்றிய தளம்.எஸ்கியூஎல் இன்னும் அங்கே இருக்கிறதா என்று இப்போதே ஒருமுறை பாருங்கள்.

---

தாழ்வாரம்

இருந்தது. எடுத்துவிட்டேன். மேக்ஸ்_சில்ட்ரன் 40 என்று இருந்தது, 6 ஆக்கினேன், ஸ்வாப் 2 ஜிபி போட்டாயிற்று. பிடிஎஃப்பும் ஏறுகிறது.